தழைத்தும் பூவாத மல்லிகை

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் ஏக்கர் கணக்கில் நிலமில்லாத குடும்பங்களுக்கும் கைகொடுக்கும் பயிர்களுள் குண்டுமல்லி ஒன்று. செடிக்குச் செடி, வரிசைக்கு வரிசை 1.25 மீட்டர், அதாவது ஏறக்குறைய நான்கு அடி இடைவெளி விட்டு நட்டால் 10 சென்டு நிலத்தில் சுமார் 250 செடிகள் கொள்ளும். நன்கு பேணிய தோட்டத்தில் ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்கு 8 டன்னுக்குக் குறையாமல் மொட்டு எடுக்கலாம் என்பது கணக்கு. அவ்வாறாயின் 10 சென்டு வைத்திருப்பவருக்கு ஆண்டில் 300 கிலோவுக்கு மேல் மொட்டுக் கிடைக்கவேண்டும். விடியுமுன் பறித்த மொட்டை அன்றைக்கே விற்றுப் பணமாக்கலாம். நெல்லையும் மணிலாவையும் போல அறுவடை வரையில் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆயினும் பிரம்மதேசம் முதலான சிற்றூர்களில் வீட்டுப் புறக்கடையிலும் கிணற்றடியிலும் நிற்கும் மல்லிகைச் செடிகளைப் பார்ப்போர்க்கு ஒரு காட்சி அடிக்கடி தென்படும். செடி ஆள் உயரத்திற்குக் கரும்பச்சையாகத் தழைத்து நிற்கும். பூவோ ஒரு முழம் தொடுப்பதற்கும் தேறாது. சொந்தக்காரர் அதைக் கண்டு செடிக்குப் போஷாக்குப் போதவில்லை என்று கருதி மேலும் எருவிட்டு மேலும் தண்ணீர் பாய்ச்சுகிறார். செடி மேலும் தழைக்கிறது. பூ மேலும் குறைகிறது. இரண்டு மூன்று ஆண்டுகள் இவ்விதம் கழிந்தபின் "இது ஆண் செடி", "இந்த மண்ணுக்கு ராசியில்லை" என்று முடிவு கட்டி வேரோடு பிடுங்கி எறிகிறவர்களும் உண்டு. மல்லிகையில் ஆண் செடி, பெண் செடி என்ற பாகுபாடு கிடையாது. அவ்வாறு பிடுங்கப்பட்ட செடிகளில் பல, தக்க காலத்தில் கத்தி பட்டிருந்தால் அடுத்த பங்குனியிலேயே பூத்திருக்கக் கூடியவை.

செடியின் இயல்பு

மல்லிகையைப் பூக்கச் செய்ய விரும்புவோர் முதலில் அது எவ்விடத்தில் பூக்கிறது என்பதைக் கவனித்தறிய வேண்டும். குண்டுமல்லி புதிதாக வெடித்து வளரும் இளந்துளிரின் நுனியிலேயே மொட்டு வைக்கும். பெரும்பாலும் நுனியில் மூன்று மொட்டுகள் சேர்ந்து தோன்றும். பழைய கிளையின் நடுப்பகுதியில் எவ்வளவு இலை இருந்தாலும் அங்கே மொட்டுத் தோன்றாது. எனவே ஒரு செடியில் எத்தனை புதுத்துளிர் நுனிகள் உண்டோ, ஏறக்குறைய அந்த அளவுக்கே அதில் பூ உண்டு என்று கொள்ளலாம். முதிர்ந்த கிளைகள் ஆறேழு மட்டும் நீண்டு வளர்ந்த செடி எவ்வளவு உயரமாயினும் அதில் நுனிகள் சிலவே. அதே செடியை முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டால் ஒவ்வொரு வெட்டுக்குக் கீழும் இரண்டு மூன்று கணுக்கள் வெடித்துத் துளிர்கள் பல தோன்றும்.

இச்செடி வெயிலை விரும்புவது. இதன் பூப்பருவம் மாசி பங்குனியில் தொடங்கி வெயிற்காலம் முழுவதும் ஓங்கி, ஐப்பசி மழையுடன் அடங்கும். மார்கழி, தை மாதங்களின் பனியில் பூ மிகவும் அருகிவிடுவதால் அப்போது விலை உச்சத்திற்கு ஏறுகிறது. மதுரை மல்லி 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. கடல் கடந்து பிலிப்பைன்ஸ் தேசத்தில் இதே செடியின் பூ 1934 முதல் தேசிய மலராக விளங்குகிறது. நாடு எதுவாயினும் செடியின் குணம் ஒன்றே: வெயிலும் புதுத்துளிரும் இருந்தால் பூக்கும்.

முதலில் நோக்கவேண்டியது

பூவில்லாத செடியைக் கண்டவுடன் மருந்தோ உரமோ தேடுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை காணவேண்டும். மொட்டே தோன்றவில்லையா, அன்றித் தோன்றிய மொட்டு அழிந்துபோகிறதா? இவ்விரண்டும் வெவ்வேறு நோக்காடுகள், பரிகாரமும் வெவ்வேறு.

காலை வேளையில் பத்துத் துளிர்களின் நுனியைக் கையில் பிடித்து உற்றுப் பார்க்கவேண்டும். மொட்டுகள் மெல்லிய நூலால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு, அவற்றில் துளையும் எச்சமும் காணப்பட்டால் அது மொட்டுப்புழுவின் வேலை. மொட்டின் அடிப்பாகம் வீங்கி, ஊதாநிறம் பாய்ந்து, மலராமலே காய்ந்து உதிர்ந்தால் அது மொட்டு ஈயினால் வந்தது. இவ்விரண்டிலும் செடி தன் கடமையைச் செய்திருக்கிறது. பூச்சியே விளைவை அபகரித்தது. தாக்குண்ட மொட்டுகளைத் தரையில் உதிர்ந்தவை உட்பட நாள்தோறும் பொறுக்கி அழிக்கவேண்டும். செடியின் அடியிலுள்ள மண்ணைக் கொத்திவிடுதலும் நன்று. 10 லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுதும் ஊறவைத்து, துணியில் வடித்து, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். இது தாக்குதலின் தொடக்கத்திலேயே பயன்தரும்.

இலைகள் மஞ்சளித்திருந்தால் எந்த இலை மஞ்சளித்தது என்று பார்க்கவேண்டும். இளந்துளிரின் இலை வெளுத்து அதன் நரம்புகள் மட்டும் பச்சையாக இருந்தால் செடிக்கு இரும்புச்சத்துக் கிட்டவில்லை என்று பொருள். சுண்ணாம்பும் உவரும் மிகுந்த மண்ணில் இது சாதாரணம். லிட்டருக்கு 5 கிராம் வீதம் அன்னபேதி கரைத்து இலைமேல் தெளித்தால் தேறும். செடி முழுவதும் மஞ்சளித்துச் சோர்ந்து, வேரைத் தோண்டிப் பார்க்கையில் சிறு முடிச்சுகள் தென்பட்டால் அது நூற்புழு. அச்செடியிலிருந்து பதியன் எடுத்து வேறிடத்தில் நடுதல் கூடாது.

இவை ஒன்றுமின்றி, இலை கரும்பச்சையாகவும் செடி திடமாகவும் இருந்து, மொட்டு மட்டும் தோன்றாவிடில் காரணம் பராமரிப்பிலேயே இருக்கிறது என்பது திண்ணம்.

பூவாமைக்குக் காரணங்கள்

முதற் காரணம் நிழல். புறக்கடைச் செடி பெரும்பாலும் முருங்கை, வேம்பு, தென்னை இவற்றின் கீழோ, கிழக்குச் சுவர் ஓரத்திலோ நடப்படுகிறது. நாளில் ஆறு மணி நேரமாவது நேர்வெயில் படாத மல்லிகை வெளிச்சத்தைத் தேடி நீளுமேயன்றிப் பூக்காது. மரக்கிளையைக் கழித்தோ, செடியிலிருந்து பதியன் எடுத்து வெளியிடத்தில் நட்டோதான் இதைத் தீர்க்க இயலும். நிழலில் நிற்கும் செடிக்குச் செய்யும் மற்றச் செலவுகள் யாவும் வீண்.

இரண்டாவது காரணம் ஓயாத ஈரம். கிணற்றடியிலும் துணி துவைக்கும் கல்லருகிலும் நிற்கும் செடிக்கு ஆண்டு முழுவதும் நீர் உண்டு. நீர் ஓயாமல் கிடைக்கும் செடி வளர்ச்சியை நிறுத்துவதேயில்லை. பழங்கிளையே மேலும் மேலும் நீண்டு செல்கிறது. கவாத்துக்கு முன் சில நாள் காய்தல் இச்செடிக்கு அவசியம்.

மூன்றாவது காரணம் பிண்ணாக்கு. திண்டிவனம் வட்டாரம் மணிலாவுக்குப் பேர்போனது. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 என்ற மணிலா ரகம் நாடெங்கும் பரவியது. ஆகவே இப்பகுதியில் மணிலாப் பிண்ணாக்கை ஊறவைத்து மல்லிகைக்கு ஊற்றும் வழக்கம் எளிதில் ஏற்பட்டது. பிண்ணாக்கு நல்ல எருவே. ஆனால் அதன் அளவை அறிந்து இடுவோர் சிலரே. மணிலாப் பிண்ணாக்கில் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பங்கு தழைச்சத்து அடங்கியுள்ளது. அதாவது ஒரு கிலோவில் சுமார் 70 கிராம். வளர்ந்த குண்டுமல்லிச் செடி ஒன்றுக்கு ஆண்டு முழுவதற்கும் சிபாரிசு செய்யப்படும் தழைச்சத்து 60 கிராம்தான். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் முறையே 120 கிராம் தேவை. மாதந்தோறும் அரைக் கிலோ பிண்ணாக்கு ஊற்றுபவர் ஆண்டில் 400 கிராமுக்கு மேற்பட்ட தழைச்சத்தை ஒரே செடிக்குக் கொடுத்துவிடுகிறார்; மற்ற இரு சத்துக்களிலும் செடியைப் பட்டினி போடுகிறார். தழைக்கவேண்டிய சத்தை மிகுதியாக உண்ட செடி தழைக்கிறது. அதில் செடியின் பிழை ஒன்றுமில்லை.

நான்காவதும் எல்லாவற்றினும் பெரியதுமான காரணம் கவாத்துச் செய்யாமை. வளர்த்த செடியை வெட்ட மனம் வராமல் அநேகர் விட்டுவிடுகிறார்கள். வீட்டுச் செடிகளில் இக்குறை மிகுதி.

கவாத்துச் செய்யும் முறை

குண்டுமல்லிக்குக் கவாத்துக் காலம் நவம்பர் மாதக் கடைசி வாரம், அதாவது கார்த்திகையின் நடுப்பகுதி. அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே நீர் பாய்ச்சுதலை நிறுத்தவேண்டும். பின்னர் செடியைத் தரைமட்டத்திலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில், அதாவது ஒரு முழத்திற்குச் சற்று மேலாக, எல்லாக் கிளைகளையும் ஒரே மட்டமாக வெட்டிவிட வேண்டும். காய்ந்த கிளை, நோய்ப்பட்ட கிளை, ஒன்றையொன்று உராயும் கிளை, தரையில் படரும் கிளை ஆகியவற்றை அடியோடு நீக்கவேண்டும். எஞ்சிய பழைய இலைகளையும் உருவிவிடுதல் நலம்.

கத்தரி கூர்மையாயிருத்தல் வேண்டும். மழுங்கிய அரிவாளால் வெட்டினால் கிளை பிளந்து, பிளவில் நீர் இறங்கி அழுகும். ஒரு செடியில் நோய்ப்பட்ட கிளையை வெட்டிய கத்தியைக் கழுவித் துடைக்காமல் அடுத்த செடியில் வைத்தலாகாது. பருத்த வெட்டுவாய்களில் காப்பர் ஆக்ஸிகுளோரைடைக் குழம்பாகக் கரைத்துத் தடவவேண்டும். வெட்டிய கிளைகளையும் இலைகளையும் தோட்டத்திலேயே குவித்துவைக்காமல் அப்புறப்படுத்த வேண்டும்; புழுவும் பூசணமும் அவற்றில் தங்கியிருக்கக்கூடும்.

இவ்வாறு வெட்டப்பட்ட தோட்டத்தைப் பார்க்கிறவர்கள் முதலில் மனங்கலங்குவது இயல்பே. நேற்றுவரை பசுமையாக நின்ற இடத்தில் குச்சிகள் மட்டும் நிற்கும். ஆனால் சில வாரங்களில் கணுக்கள் சிவந்து வெடிக்கும். பிப்ரவரிக் கடைசியிலோ மார்ச்சிலோ முதல் மொட்டுகள் தென்படும். இடையிலுள்ள மூன்று மாதங்களுக்குச் செடியிலிருந்து வரும்படி இராது. அதைக் கணக்கிட்டு வேறு வருவாய்க்கு வகைசெய்து கொண்டு தொடங்குவதே விவேகம்.

பூவில்லாத காலத்து நல்ல விலையை ஓரளவு பெற விரும்புவோர் தோட்டம் முழுவதையும் ஒரே நாளில் வெட்டாமல், அதில் ஒரு பகுதியைச் செப்டம்பர்க் கடைசியில், அதாவது புரட்டாசியில் வெட்டிவைக்கலாம். பனிக்காலத்தில் அப்பகுதியில் மொட்டுக் குறைவாகவே இருக்கும். எனினும் அந்நாளைய விலையும் தை மாதக் கல்யாணங்களும் அக்குறையை ஈடுசெய்யக்கூடும். மிகுதித் தோட்டத்திற்குக் கார்த்திகைக் கவாத்தே தகுந்தது.

கவாத்துக்குப் பின் உரம்

கவாத்து முடிந்தவுடன் செடியைச் சுற்றிப் பாத்தியைக் கொத்தி, செடிக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரம் இடவேண்டும். ஓர் ஆண்டுக்குரிய இரசாயன உரத்தை இரு சம பாகமாக்கி, ஒரு பாகத்தைக் கவாத்துக்குப் பின்னும் மற்றொரு பாகத்தை ஜூன், ஜூலை மாதங்களிலும் இடுவது முறை. ஒவ்வொரு தடவையும் செடிக்கு யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், மியூரியேட் ஆப் பொட்டாஷ் 100 கிராம் என்று கொண்டால் மேலே கூறிய அளவு நிறைவேறும். உரத்தைத் தண்டின்மேல் கொட்டாமல் ஒரு சாண் தள்ளி வட்டமாக இட்டு மண்ணால் மூடி உடனே நீர் பாய்ச்சவேண்டும்.

பிண்ணாக்கை விட மனமில்லாதவர்கள் அதை விடவேண்டியதில்லை. ஒரு தவணைக்கு அரைக் கிலோ பிண்ணாக்கு இட்டால் அத்தவணைக்குரிய யூரியாவை அறவே நிறுத்திவிட்டு, சூப்பரையும் பொட்டாஷையும் மட்டும் சேர்க்கலாம். அவ்வளவில் நிற்பதே முக்கியம். நெடுங்காலம் தழைச்சத்து மிகுந்துபோன செடிக்கு முதல் தவணையில் பிண்ணாக்கும் யூரியாவும் இன்றி மற்றவற்றை மட்டும் இடுவது உசிதம்.

மழையும் வடிகாலும்

கார்த்திகைக் கவாத்து இந்த மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழையின் நடுவே வருகிறது என்பதை மறத்தலாகாது. மற்ற மாவட்டங்களுக்குச் சொல்லிய தேதியை அப்படியே இங்கே பின்பற்றினால் வெட்டிய செடி வெள்ளத்தில் நிற்க நேரிடலாம். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கரை கடந்தபோது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரு நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த நாள் கவாத்துக் காலத்திலேயே விழுந்தது. இலையுள்ள மல்லிகையே தேங்கிய நீரில் வேர் அழுகும். இலையும் கிளையும் இழந்த செடி தாங்குவது அரிது.

ஆகையால் கவாத்துக்கு முன்பே வரிசைகளுக்கிடையில் வாய்க்கால் எடுத்து, நீர் தோட்டத்தின் தாழ்ந்த மூலைக்கு ஓடி வெளியேறும்படி வழி செய்திருக்க வேண்டும். வானிலை நிலையத்தார் பெருமழையோ புயலோ வருமென்று அறிவித்திருந்தால் அது கடக்கும்வரை கத்தியைத் தொடாமலிருப்பதே நலம். மழை விட்டு மண் காய்ந்தபின் மார்கழி முதல் வாரத்தில் வெட்டினாலும் பாதகமில்லை. பூ இரண்டொரு வாரம் தாமதிக்கும், அவ்வளவே. ஏரிப்பாசன நிலங்களிலும் களிமண் பாங்கான இடங்களிலும் இவ்வெச்சரிக்கை இரட்டிப்பாகத் தேவை.

எல்லாச் செடிக்கும் ஒரே கத்தி ஆகாது

மல்லிகையில் கண்ட பயனைப் பார்த்துப் பூவாத செடி எதையும் வெட்டிவிடுதல் தவறாகும். இதற்கு மலைத்தோட்டங்களில் காணும் ஹைட்ராஞ்சியா நல்ல உதாரணம். ஜப்பானைத் தாயகமாகக் கொண்ட இச்செடி உதகமண்டலத்திலும் கோடைக்கானலிலும் நீலமும் இளஞ்சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூப்பதைக் கண்டு, தொட்டியுடன் வாங்கிவந்து சமவெளியில் வைப்போர் உண்டு. வந்த ஆண்டில் கொண்டுவந்த மொட்டு மலரும். பிறகு பல ஆண்டுகள் இலையே காணலாம்.

ஹைட்ராஞ்சியா வளர்ந்து முதிர்ந்த கிளையின் நுனியில், குளிர்ந்த இரவுகளில் மொட்டைக் கருக்கொண்டு, அதை அடுத்த பருவத்தில் மலர்த்துவது. அக்கரு உண்டாவதற்கு ஆறு வாரங்களுக்குக் குறையாமல் இரவு வெப்பம் ஏறக்குறைய 18 டிகிரிக்குக் கீழே நிற்கவேண்டும். விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் மார்கழி இரவுகளும் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கின்றன. ஆகவே உரத்தாலும் நீராலும் இங்கே அதைப் பூக்கவைத்தல் கடினம். மலையிலேயேகூட, குளிர்காலத்தில் மல்லிகையைப் போல அதன் கிளைகளை மட்டமாக வெட்டுவோர் கருவுற்ற மொட்டுகளையே வெட்டி எறிந்தவராவர். பூத்து ஓய்ந்தவுடன் வாடிய கொத்தை மட்டும் நீக்கி, கிளையை விட்டுவைப்பதே அதற்கு ஏற்றது. முல்லைக்கும் பிச்சிக்கும்கூடக் குண்டுமல்லியின் கவாத்துத் தேதி பொருந்தாது. புதுத்துளிரில் பூப்பதா, பழங்கிளையில் பூப்பதா என்று தெரிந்துகொள்ளாமல் கத்தி எடுத்தலாகாது.

சோதித்து அறிதல்

சொல்வதை நம்புவதிலும் கண்டு தெளிதல் மேலானது. ஐயமுள்ளவர்கள் தோட்டத்தில் இரண்டு வரிசைகளை முன்போலவே வெட்டாமல் விட்டு, அருகிலுள்ள இரண்டு வரிசைகளை மட்டும் மேலே கூறியவாறு கவாத்துச் செய்து உரமிட்டுப் பார்க்கலாம். வரிசைகள் ஒரே வெயிலும் ஒரே மண்ணும் உள்ளவையாக இருக்கவேண்டும். பங்குனி முதல் ஆடி வரையில் அவற்றின் மொட்டைத் தனித்தனியே பறித்து, தனித்தனியே நிறுத்து, குறிப்புப் புத்தகத்தில் அன்றாடம் எழுதிவரவேண்டும். உரச்செலவையும் கூலியையும் அதிலேயே குறித்தால் ஆண்டு முடிவில் எது ஆதாயம் என்பதை அப்புத்தகமே காட்டிவிடும். வீட்டில் நான்கு செடி மட்டும் வைத்திருப்போரும் இரண்டை வெட்டி இரண்டை விட்டு இதைச் செய்யலாம்.

சுருங்கக் கூறின், தழைத்தும் பூவாத குண்டுமல்லிக்கு இவ்வரிசையில் பரிகாரம் தேடவேண்டும். மொட்டு அழிகிறதா, தோன்றவேயில்லையா என்று முதலில் பார்க்க, நிழலை நீக்குக, பிண்ணாக்கின் அளவைக் குறைக்க, வடிகால் எடுக்க, கார்த்திகையில் இரு வாரம் காயவிட்டு ஒரு முழத்திற்குச் சற்று மேலாக வெட்டுக, அதன்பின் மூவகைச் சத்தும் அளவறிந்து இடுக. இவற்றுள் பணம் அதிகம் பிடிப்பது ஒன்றுமில்லை. நன்றாகப் பேணிய செடி 12 முதல் 15 ஆண்டுகள் வரை பலன் தரும். ஆகையால் மூன்றாம் ஆண்டிலேயே மலடு என்று பிடுங்கி எறிய எண்ணும் செடிக்கு ஒரு கார்த்திகையேனும் கத்தியைக் காட்டிப் பார்த்தல் குடியானவர்க்கு நன்மை பயக்கும்.